மேலிருந்து மூன்றாவது வரிசை

பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டவளுக்கு பஸ்ஸே ஒத்துக்கொள்ளாது என்றால் யார் நம்புவார்கள்? பொத்தானம்மாவின் தலையில் அப்படித்தான் எழுதியிருந்தது. கல்யாணமான புதிதில் புருஷன் ஓட்டுகிற வண்டியில் பெருமையாக ஏறி, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, டிப்போ வாசலைத் தாண்டுவதற்குள் அவருடைய சீருடைச் சட்டையின் முதுகிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அதோடு சரி. டீசல் வாசனை மூக்கில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். காய்கறிக் கடை, மகளின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நடைதான். நடந்து போக முடியாத இடம் அவளைப் பொறுத்தவரை இல்லாத இடம். டிரைவர் டூட்டி முடிந்து வந்தால் சட்டையை வாசலிலேயே கழற்றி வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

பொத்தானம்மா என்பது தொழிலால் வந்த பேர். சட்டைக் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டை வரும். பொத்தான் வைத்து, நூல் பிசிறு வெட்டி, மடித்துக் கட்டிக் கொடுக்க வேண்டும். நாலு கண் பொத்தானுக்குக் குறுக்குத் தையல், ரெண்டு கண் பொத்தானுக்கு நேர்த் தையல். ஜன்னலோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தாளென்றால் கை தன் பாட்டுக்குப் போகும். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் அறுப்பாள். வாயில் எப்போதும் நாலைந்து பொத்தான் இருக்கும். பேச வேண்டுமானால் அதைக் கையில் துப்பிவிட்டுப் பேச வேண்டும். அதனால் சில்லறை விஷயத்துக்கெல்லாம் வாயைத் திறக்க மாட்டாள். அவள் பொத்தானைத் துப்பினால் வீட்டில் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி இருந்தான். தாயில்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். பட்டாளத்துக்குப் போனான், போரில் செத்துப் போனான், உடம்புகூட வரவில்லை. கூட இருந்த சிப்பாய் ஒருத்தன் வந்து, தலைநகரத்து நினைவிடத்தில் பேரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. தலைநகரத்து எல்லையிலேயே குடித்தனம். ஆனால் எல்லையிலிருந்து நடுவூருக்கு நடக்க முடியுமா? டிரைவருடைய வண்டியோ தினமும் அந்த நினைவிடத்து வழியாகத்தான் போய் வந்தது.

கல்யாணமான மறுவாரம் அவள் கேட்டாள். "என் தம்பி பேரு அங்க இருக்காம். பாத்துட்டு வந்து சொல்றீங்களா?"

ஓடுகிற வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு எந்த டிரைவர் இறங்கிப் போய்ப் பேர் பார்ப்பான்? அவர் பார்க்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சோற்றைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவருக்கு வாய் தவறிவிட்டது. "பாத்தேன். மேலேந்து மூணாவது வரிசை. இடது ஓரம். நல்ல பெரிய எழுத்து."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். டிரைவரும் சளைக்கவில்லை. "நேத்து மழையில கழுவி பளபளன்னு இருந்துச்சு." "ஒரு குருவி வந்து சரியா அவன் பேரு மேலயே உக்காந்திருக்கு." "யாரோ பள்ளிக்கூடப் புள்ளைங்க பூ வெச்சிட்டுப் போயிருக்காங்க." தம்பி பிறந்த நாளுக்கு அவன் ஆசையாகத் தின்கிற வேர்க்கடலையை மணலில் வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "அவன் காலடியில வெச்சிட்டு வாங்க" என்பாள். அந்தக் கடலை கடைசி நிறுத்தம் வரை போகும். அங்கே டிரைவரும் அவருடைய கண்டக்டரும் அதைத் தின்று தீர்ப்பார்கள். கண்டக்டருக்கு ரைட்டு என்று பேர். பெற்றவர்கள் வைத்தது வேறு. எதைச் சொன்னாலும் "ரைட்டு, ரைட்டு" என்பதால் ஊர் வைத்த பேர் இது.

இப்படியே வேலைக்காலம் முழுக்க ஓடிவிட்டது. டிரைவர் ஓய்வு பெற்று, சாயங்காலக் கேள்வியும் நின்று, அப்பாடா என்று உட்கார்ந்தபோதுதான் ஊருக்குள் மெட்ரோ ரயில் வந்தது. மகளுக்கு அதிலேயே டிக்கெட் கவுண்ட்டரில் வேலையும் கிடைத்தது. சும்மா இருக்கிற பெண்ணா அவள்? ஒரு நாள் அம்மாவை வற்புறுத்திக் கூட்டிப்போய் ரயிலில் ஏற்றிவிட்டாள். டீசல் கிடையாது, புகை கிடையாது. பொத்தானம்மா கைப்பையில் எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். பழத்தை முகர்ந்தே பார்க்காமல் திரும்பி வந்தாள்.

வந்ததும் மூட்டையைப் பிரித்தாள். ஒரு சட்டை முடிந்தது. இரண்டாவது சட்டையில் பாதியில் நின்று, பொத்தானைக் கையில் துப்பினாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை தம்பியைப் பாக்கப் போறோம்."

டிரைவருக்குக் குடித்த டீ புரையேறியது.

"அவ்ளோ தூரமா? அங்க வெயிலு மண்டையைப் பொளக்கும்."

"வெயில் அவனுக்கும்தானே அடிக்குது?"

"மெட்ரோ அதுவரைக்கும் போகாது. பாதியில எறங்கி பஸ்ல போகணும்."

"போவோம். வாந்தி வந்தா வரட்டும், உயிரா போயிடும்? நீங்கதான் இருக்கீங்களே. மூணாவது வரிசை, இடது ஓரம். போன உடனே கண்டுபிடிச்சிடலாம்."

டிரைவர் பேயறைந்த மாதிரி எழுந்து போய், பஸ் நிலையத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்தம் வைத்திருந்த ரைட்டுவின் முன்னால் நின்றார். கதையைக் கேட்டு ரைட்டுவுக்கே ஒரு நிமிஷம் "ரைட்டு" வரவில்லை.

"அண்ணே, நெசமாவே பேரு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"சட்டியில இருந்தாத்தானேடா அகப்பையில வரும்? நான் எங்கடா பாத்தேன்? பச்சை விழுந்தா போவேன், சிவப்பு விழுந்தா நிப்பேன்."

"லீவு நாள்ல போய் நீ பாத்திருப்பேன்னு நெனச்சில்ல இத்தனை வருஷம் நான் கடலை தின்னேன்! ஏதோ அவன் தின்ன மிச்சம்னு நெனச்சேன்."

"இப்ப அது முக்கியமா? சனிக்கிழமை போறோம், பேரைக் கண்டுபிடிக்கிறோம், ஞாயித்துக்கிழமை நேரா கொண்டுபோய் நிறுத்துறோம்."

சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் கிளம்பினார்கள். டிரைவர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழி நெடுக வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தார். ஓட்டியவன் வாலிபன். "தம்பி, வளைவுல கியரைக் கொறைக்கணும்" என்றார். அவன், "ஐயா, இது கரண்ட் வண்டி. கியரே கிடையாது" என்றான். டிரைவர் அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. ஆனால் கால் மட்டும் மிதித்துக்கொண்டேதான் இருந்தது.

போய்ப் பார்த்தால் அங்கே நினைவிடம் ஒன்றில்லை, மூன்று. ஒன்றில் வெண்கலக் குதிரை முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அது பாட்டன் முப்பாட்டன் காலத்துப் போர். பேர்களெல்லாம் தேய்ந்து, புறா எச்சம்தான் தெளிவாகத் தெரிந்தது. இன்னொன்றில் பெரிய நங்கூரம். கப்பல்காரர்களுக்கானது. மூன்றாவதுதான் சரியான போருக்கானது. அது ஒரு நீளமான கருங்கல் சுவர். டிரைவர் அதன் ஒரு முனையில் நின்று மறுமுனையைத் தேடினார். கண்ணுக்கு எட்டிய வரை பேர். அகர வரிசையும் இல்லை.

"இவ்ளோ பேரா செத்தாங்க?" என்றார் ரைட்டு.  தினமும் போகும்போதும் வரும்போதும் ஜனத்தை ஏற்றிக்கொண்டு இதன் பக்கத்தில்தான் போனோம் என்பது டிரைவருக்கு என்னவோ போல் இருந்தது.

வெயில் தாழும் வரை கழுத்து வலிக்கத் தேடினார்கள். மேலிருந்து மூன்றாவது வரிசையில் இல்லை. இடது ஓரத்திலும் இல்லை. காவலாளி விசிலை ஊதித் துரத்துகிற நேரத்தில் ரைட்டு கத்தினார். "அண்ணே, கெடச்சிருச்சு!" நட்ட நடுவில், நெஞ்சு உயரத்தில், அதே பேர். டிரைவர் ரைட்டுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா நடுவுல இருக்கே, அண்ணிகிட்ட ஓரம்னு சொல்லியிருக்கியே?"

"சுவரைப் புதுப்பிக்கும்போது கல்லை மாத்தி வெச்சிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

"ரைட்டு."

வீட்டுக்கு வந்தவருக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "உன் தம்பி பட்டாளத்துல என்ன பிரிவுன்னு சொன்னே?"

அவள் ஊசியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். பொத்தானைத் துப்பவில்லை. பார்த்ததோடு சரி. அந்தப் பார்வையே போதும். டிரைவர் தலைவலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கவுண்ட்டருக்குள்ளிருந்து கையாட்டி வழியனுப்ப, ரைட்டுவையும் சேர்த்து மூன்று பேரும் மெட்ரோவில் ஏறினார்கள். பொத்தானம்மா பெட்டியில் இருந்து எடுத்த புடவை கட்டியிருந்தாள். மடியில் கடலைப் பொட்டலம். ரைட்டு அதைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்புவதுமாக வந்தார். டிரைவருக்கு உள்ளூர ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. பஸ்ஸில் எந்த சீட் வயிற்றைப் புரட்டும் என்பது டிரைவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கடைசி வரிசை. பின்சக்கரத்தையும் தாண்டி வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடம். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அங்கே இருப்பவன் தலை கூரையில் முட்டும். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் இவளுக்குக் குமட்டும், பாவம் உடம்புக்கு ஆகவில்லை என்று திரும்பி வந்துவிடலாம். கட்டின பெண்டாட்டிக்கு வாந்தி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற அளவுக்கு அந்த மனுஷன் வந்துவிட்டார்.

பாதியில் இறங்கி பஸ்ஸில் ஏறியதும், "முன்னால காலியா இருக்கே?" என்றாள்.

"பின்னாலதான் காத்து வரும். வா."

வண்டி கிளம்பியது. முதல் பள்ளத்தில் மூன்று பேரும் எழும்பி உட்கார்ந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் டிரைவர் ஆவலாக.

"நல்லாத்தான் இருக்கு. ஊஞ்சல் மாதிரி! இந்த ரோட்டுலதான் நீங்க ஓட்டினீங்களா? அது என்ன கட்டடம், அவ்ளோ ஒசரம்?"

அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி கேட்டபடியே வந்தாள். டிரைவர் ஒன்றை மறந்திருந்தார். அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது டீசல் வாசனை. இந்த வண்டியில் அது கிடையாது. இன்னொன்று அவருக்கே தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்தே பழகிய உடம்பு ஒரு நாள்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்ததில்லை. மூன்றாவது பள்ளத்தில் அவருக்கு நெற்றியில் வேர்த்தது. ரவுண்டானாவைச் சுற்றும்போது கண் இருண்டது.

"அண்ணே, மூஞ்சி ஏன் வெளுத்துப்போச்சு?"

பதில் சொல்ல டிரைவர் வாயைத் திறந்திருக்கக் கூடாது. நல்ல வேளை, கடலைப் பொட்டலம் வந்த பிளாஸ்டிக் பையைப் பொத்தானம்மா சட்டென்று உதறி அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள். இன்னொரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, "எடுத்துடுங்க, எடுத்துடுங்க. உள்ள வெச்சுக்காதீங்க" என்றாள். முன்சீட்டிலிருந்த ஒருத்தர் திரும்பிப் பார்த்து, "பஸ்ஸுக்குப் புதுசு போல" என்று பரிதாபப்பட்டார். ரைட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவள் தனக்காக எடுத்து வந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி டிரைவர் நினைவிடத்து நிறுத்தத்தில் இறங்கினார். பொத்தானம்மா அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

சுவரைப் பார்த்ததும் அவள் செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டாள். "எங்க?" என்றாள்.

டிரைவர் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். "இதோ. புதுப்பிக்கும்போது கல்லை மாத்தி வெச்சிட்டாங்க. அதான் நடுவுல இருக்கு."

அவள் அந்தப் பேரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். விரலால் தொடப் போனவள் தொடவில்லை. கல்லின் உச்சியை அண்ணாந்து பார்த்தாள்.

"மேல என்ன போட்டிருக்கு?"

"அழகுக்குக் கழுகு செதுக்கியிருக்காங்க அண்ணி" என்றார் ரைட்டு.

"கழுகுக்குக் கீழ விமானப் படைன்னு எழுதியிருக்கே. மாடிப்படி ஏறினாலே என் தம்பிக்குத் தலை சுத்தும். அவன் ஏரோப்ளேன்லயா போனான்? இது என் தம்பி இல்ல. வேற யாரோ புள்ளை." திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "நீங்க அவனைப் பாத்தீங்களா இல்லையா?"

குட்டு உடைந்துவிட்டது. இனி முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைக்க? டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட எறங்கினதில்ல."

"குருவி?"

"இல்ல."

"அந்தப் பள்ளிக்கூடப் புள்ளைங்க?"

"நான்தான்..."

"அப்போ கடலை?"

டிரைவர் ரைட்டுவைப் பார்த்தார். ரைட்டுதான் தொண்டையைச் செருமினார். "நல்ல பதமா வறுத்திருப்பீங்க அண்ணி."

அவள் சத்தம் போடுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தினமும் நம்ம வீட்டு ஆளு ஒருத்தர் போய்ப் பாக்கறாருன்னு இருந்தேனே. அதை நெனச்சுத்தானே தூங்கினேன். இத்தனை வருஷமும் அவனை யாருமே வந்து பாக்கலியா?"

டிரைவருக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் குத்தியது. அவர் பொய்யை மனைவியிடம் சொன்ன பொய்யாக மட்டும்தான் நினைத்திருந்தார். அதில் இன்னொருவனும் இருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"முத நாளு நீ சோத்தையே தொடல" என்றார். "பாத்தேன்னு சொன்னதும் சாப்பிட்டே. மறுநாளு உண்மையைச் சொல்லிடலாம்னுதான் வந்தேன். அன்னைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்து கேட்டே. எப்படிச் சொல்றது? அப்பறம் பழகிப்போச்சு. எனக்கே சில நாளு நெசமாவே பாத்த மாதிரிதான் இருக்கும். நான் அவனை உயிரோடவும் பாத்ததில்ல. உனக்காகச் சொல்லிச் சொல்லி, எனக்கே அவன் நல்லாப் பழகிட்டான்."

அவள் முகத்தைத் துடைத்தாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு எழுந்தாள்.

"அவன் பாலம் கட்டுற பிரிவு. நேத்து கேட்டதை அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தேடுங்க."

காவலாளியிடம் கேட்டார்கள். "பாலம் கட்டுறவங்களா? அவங்க பின்பக்கம்" என்று தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினான். சுவரின் முதுகில், ரோட்டுக்கு மறைவாக, இந்தப் பக்கம் இருந்த அளவுக்கு அந்தப் பக்கமும் பேர்கள் இருந்தன. பஸ்ஸை நிறுத்தி இறங்கியிருந்தாலும் டிரைவருக்கு அது கண்ணில் பட்டிருக்காது. அதைச் சொல்ல வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

டிரைவர் ஒவ்வொரு பேராக விரலை வைத்து நகர்த்த, ரைட்டு உரக்கப் படித்தார். மனுஷனுக்கு வேறு குரல் தெரியாது. நிறுத்தங்களைக் கூவிய அதே ராகத்தில், கடைசி எழுத்தை இழுத்து, ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் மூச்சு விட்டுக் கூவினார். தோட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் சிரித்தார். அப்புறம் அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். ஒரு வரிசை முடிந்தது. இன்னொன்று. டிரைவர் குனிந்தார், பிறகு குந்தினார், பிறகு முழங்காலிட்டார். கல்லின் அடிவாரத்தில், புல் உரசுகிற கடைசி வரிசையில் ரைட்டு கூவிக்கொண்டே போனபோது பொத்தானம்மா கத்தினாள்.

"நிறுத்துங்க!"

புல்லை விலக்கிப் பார்த்தாள். அவன்தான். அப்பாவின் பேர், பிரிவு எல்லாம் சரியாக இருந்தது. எழுத்து பெரிதாக இல்லை. முந்தானையால் கல்லைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"டேய், அக்காடா" என்றாள். "பஸ்ல வந்தேன்டா. வாந்தியே வரல." கொஞ்ச நேரம் அழுதாள். ரைட்டு தோட்டத்துக் குழாயைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். அவள் மறுபடி கல்லிடம் பேசினாள். "இவரு எனக்குச் சொன்னதெல்லாம் பொய்டா. குருவியும் கிடையாது, பூவும் கிடையாது. நல்லா ஏமாத்திட்டாரு என்னை. ஆனா ஒண்ணு சொல்றேன், இவரு பொய்யில நீ ஒரு நாளும் தனியா இருந்ததில்ல."

டிரைவர் நான்கடி தள்ளி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் முகத்தில் அப்படியேதான் இருந்தது.

"டேய், இவருதான் உன் மாமா" என்றாள்.

டிரைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தலையை வாரிக்கொண்டார். கிட்டே வந்து குனிந்து, "நல்லாயிருக்கியா மாப்ளே?" என்று கேட்டார்.  இல்லாத கதையெல்லாம் சொன்ன வாய் கோணிக்கொண்டு போனது.

பொத்தானம்மா புடவையை ஒதுக்கி, புல்லில் பக்கத்தில் இடம் விட்டாள்.

"நின்னுட்டே போறதுக்கு இதென்ன பஸ்ஸா? உக்காந்து பேசுங்க."

டிரைவர் உட்கார்ந்தார்.